பெட்ரோலுக்கும் சிக்கரி!

உங்கள் வீட்டில் காபிப் பொடி எப்படி வாங்குகிறீர்கள்? எங்கள் வீட்டில் "எண்பதுக்கு இருபது" என்று சொல்லித்தான் அரைத்து வாங்குவது. அதாவது, எண்பது பங்கு காபிக் கொட்டை, இருபது பங்கு சிக்கரி. என் மாமனார் இருந்தவரையில் சிக்கரி என்ற வார்த்தையே எங்கள் சமையல் அறைக்குள் நுழைந்ததில்லை. அவர் காலத்துக்குப் பிறகு, விலைவாசியை உத்தேசித்து மெல்ல மெல்ல நுழைந்துவிட்டது. டிகாக்ஷன் கெட்டியாக இறங்குகிறது. பொட்டலத்தின் விலையும் குறைகிறது. வேறென்ன வேண்டும்?

அதே எண்பதுக்கு இருபது என் மகளுடைய ஸ்கூட்டருக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது என்பதைக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் தெரிந்துகொண்டேன். அவளுடைய ஸ்கூட்டரில் மட்டும் அல்ல. உங்கள் வீட்டு ஸ்கூட்டரிலும் காரிலும்கூடத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். காபியில் சிக்கரி கலந்தால் விலை குறைகிறது. பெட்ரோலில் கலந்தால்? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஐம்பது ரூபாய்த் துண்டு

எங்கள் வீட்டில் வரவு செலவுக் கணக்கு என் பொறுப்பு. பால், மளிகை, மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர். மகளுடைய ஸ்கூட்டருக்கும் தனியாக ஒரு கவர். வண்டி 2017-ல் வாங்கியது. ஆபீஸ், காய்கறிக் கடை, வெள்ளிக்கிழமை கோயில் எல்லாம் சேர்த்து மாதம் 600 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த சமர்த்து வண்டி. மாதம் 12 லிட்டர். லிட்டர் சுமாராக 100 ரூபாய் என்று வைத்துக் கவரில் 1,200 ரூபாய் போட்டுவிடுவேன். சரியாக இருக்கும்.

2025-ஆம் வருஷத்தில் அந்தக் கவர் மாதக் கடைசிக்கு முன்பே காலியாகத் தொடங்கிற்று.

"அம்மா, ஐம்பது ரூபாய் கொடு. பெட்ரோலுக்குப் பற்றவில்லை" என்றாள் மகள்.

"போன மாதமும் இதையே சொன்னாயே! எங்கேயாவது சுற்றிவிட்டு வருகிறாயா?"

"போம்மா! அதே ஆபீஸ், அதே ரோடு. சுற்றுவதற்கு எனக்கு நேரம் ஏது?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பங்க்கில் அளவு குறைத்துப் போடுகிறான். வேறொன்றும் இல்லை."

"ஏங்க, நீங்களே ஒரு தடவை போய்க் கேட்கக் கூடாதா?" என்றேன். பேப்பர் மறுபடியும் முகத்துக்கு நேரே உயர்ந்துவிட்டது. ஆகவே நானே போனேன்.

பங்க்கில் இருந்தவன் சின்னப் பையன். என் மகன் வயசு இருக்கும். நான் எடுத்த எடுப்பிலேயே, "ஏம்ப்பா, லிட்டருக்கு எவ்வளவு குறைக்கிறாய்?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டேன். அவன் முகம் சிவந்துவிட்டது. பதில் பேசவில்லை. உள்ளே போய் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுத்து வந்தான். என் கண் எதிரிலேயே அதில் ஐந்து லிட்டர் பிடித்தான். கோட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"அளவிலே ஒரு சொட்டுக் குறையாதும்மா. பெட்ரோலே இப்போ வேற பெட்ரோல். எல்லாம் இ-20" என்றான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தப்பாக நினைச்சுக்காதே, தம்பி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இ-20 என்றால் என்ன, அதற்கும் என் ஐம்பது ரூபாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அன்று விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டிலும் ஓர் அப்பாவிப் பையன் மீது பழி விழக் கூடாது, பாருங்கள்!

இருபது எங்கிருந்து வந்தது?

இ-20 என்றால் நூறு பங்கில் எண்பது பெட்ரோல், இருபது எத்தனால். எத்தனால் என்பது வேறொன்றும் இல்லை, நம் எரிசாராயம்தான். கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற மொலாசஸ் என்னும் கழிவுப்பாகைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் கிடைக்கும். கரும்புச் சாற்றிலிருந்தும் எடுக்கலாம். அரிசி, மக்காச்சோளம் இவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள்.

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் நூற்றுக்கு 5 பங்கு கலப்பது என்று சர்க்கார் தொடங்கியது. ஆனால் காரியம் நத்தை வேகத்தில்தான் நடந்தது. பத்து வருஷம் கழித்து, 2013-14-ல் பார்த்தால்கூடத் தேசம் முழுவதற்கும் சராசரிக் கலப்பு ஒன்றரைச் சதவிகிதந்தான்! பிறகு வேகம் பிடித்தது. 2022 ஜூனில் 10 சதவிகிதத்தை எட்டினார்கள். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் இ-20 பெட்ரோலை அறிமுகம் செய்தார்கள். 2030-க்குள் 20 சதவிகிதம் என்று இருந்த இலக்கை 2025-க்கு முன்னுக்குக் கொண்டுவந்து, அந்த 2025-லேயே எட்டியும் விட்டார்கள்.

மூன்றே வருஷத்தில் பத்து இருபதாகிவிட்டது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது. என் கவருக்குத்தான் முதலில் தெரிந்தது!

வலு எங்கே போயிற்று?

விறகு அடுப்பில் சமைத்த பாட்டிமார்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சவுக்கு விறகு ஒரு கட்டும் முருங்கை விறகு ஒரு கட்டும் பார்வைக்கு ஒன்றாக இருக்கலாம். ஆனால் சவுக்குக்கட்டு சாதம், குழம்பு, கறி மூன்றையும் முடித்துவிட்டுத்தான் அணையும். முருங்கை பாதியிலேயே சாம்பலாகிவிடும்.

பெட்ரோலுக்கும் எத்தனாலுக்கும் அந்தச் சம்பந்தந்தான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே இருபது சதவிகிதம் கலக்கும்போது மொத்தத்தில் ஆறு, ஏழு சதவிகிதம் வலுக் குறைகிறது. அளவு சரியாகவே இருக்கும். ஐந்து லிட்டர் பாத்திரத்தில் கோடு தப்பாது. குறைவது லிட்டர் அல்ல, லிட்டருக்குள் இருக்கிற சக்தி.

எத்தனாலுக்கு நல்ல குணமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு 'ஆக்டேன்' அதிகம். அதாவது, எஞ்சினுக்குள் 'டக்டக்' என்று தட்டாமல் நிதானமாக எரியும். சிக்கரியால் டிகாக்ஷன் கெட்டிப்படுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி எஞ்சினை அமைத்துவிட்டால், இழந்த வலுவில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்துவிடலாம். புது வண்டிகளுக்கு நஷ்டம் குறைவாக இருப்பதும் பழைய வண்டிகளுக்கு அதிகமாக இருப்பதும் இதனால்தான்.

எவ்வளவு நஷ்டம்? நிதி ஆயோக் அமைப்பு 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு உத்தேசக் கணக்கு இருக்கிறது. பழைய முறைப்படி அமைந்த கார்களுக்கு 6 முதல் 7 சதவிகிதம். அதே மாதிரி இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவிகிதம். இருபதுக்கு ஏற்றபடி சரிசெய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவிகிதம். 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான். "குறைவு சொற்பமே. வண்டி ஓட்டுகிற விதம், டயரின் காற்று, பராமரிப்பு எல்லாவற்றையும் பொறுத்தது" என்பது அமைச்சகத்தின் கட்சி. அதுவும் நியாயமான பேச்சுத்தான். ஆனால் சொற்பமா, இல்லையா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோமே!

இரண்டு வீட்டுக் கணக்கு

முதலில் எங்கள் ஸ்கூட்டர். நூற்றுக்கு 4 குறைகிறது என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடியது 48 ஆகிறது. 600 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் போய்ப் பன்னிரண்டரை லிட்டர் வேண்டும். அரை லிட்டர் கூடுதல், ஐம்பது ரூபாய். என் மகள் கேட்ட அதே ஐம்பது ரூபாய்! ஒரு காசு பிசகவில்லை. பாவம், அவளை ஊர் சுற்றுகிறாய் என்று சொல்லிவிட்டேனே!

அடுத்தது, எதிர் வீட்டுக் கார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், மாதம் 750 கிலோமீட்டர், ஆக 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 5,000 ரூபாய். நூற்றுக்கு 6 குறைந்தால் 53 லிட்டருக்கு மேல் ஆகிறது. மாதம் சுமார் 320 ரூபாய், வருஷத்துக்கு 3,800 ரூபாய் அதிகம். ஒரு தீபாவளிப் புடவைக்கு ஆகும்!

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. பங்க்கில் பலகையில் எழுதியிருப்பது லிட்டரின் விலை. நமக்கு வேண்டியதோ கிலோமீட்டரின் விலை. எங்கள் வண்டி கிலோமீட்டருக்கு 2 ரூபாயில் ஓடிக்கொண்டிருந்தது. இ-20 வந்த பிறகு 2 ரூபாய் 8 காசு. பலகையில் எண் மாறவே இல்லை, ஆனால் விலை ஏறிவிட்டது. பழையபடி 2 ரூபாயிலேயே ஓட வேண்டும் என்றால் பெட்ரோல் லிட்டர் 96 ரூபாய்க்கு இறங்கியிருக்க வேண்டும். எதிர் வீட்டுக் காருக்கு 94 ரூபாய்.

இறங்கிற்றா?

விலை ஏன் இறங்கவில்லை?

சென்னையில் 2022 மே மாதக் கடைசியில் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. அதற்குப் பிறகு கலப்பு பத்திலிருந்து இருபதுக்குப் போன காலத்தில் விலையில் சொல்லிக்கொள்ளும்படியான மாறுதல் ஒன்றே ஒன்றுதான்: 2024 மார்ச்சில் ஏறக்குறைய 2 ரூபாய் குறைத்தார்கள். அதுவும் எத்தனால் கலந்ததற்காகக் குறைத்தது அல்ல.

இத்தனைக்கும் நிதி ஆயோக்கின் அதே அறிக்கை, எத்தனால் கலந்த பெட்ரோலை விலை குறைத்து விற்றால்தான் வலுக் குறைவுக்கு ஈடாகும் என்று சொல்லியிருந்தது. பிறகு ஏன் நடக்கவில்லை?

காரணம் இதுதான்: சிக்கரி, காபிக் கொட்டையைவிட மலிவு. எத்தனாலோ மலிவு அல்ல!

அறிக்கை எழுதிய சமயத்தில் எத்தனால் பெட்ரோலைவிட மலிவாகத்தான் இருந்தது. பிற்பாடு அதன் விலை ஏறிக்கொண்டே போயிற்று. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த எத்தனாலின் கொள்முதல் விலை 2021-22-ல் லிட்டர் 46 ரூபாய் 66 காசு. 2024-25-ல் 57 ரூபாய் 97 காசு. மக்காச்சோளத்திலிருந்து எடுத்தது 52 ரூபாய் 92 காசிலிருந்து 71 ரூபாய் 86 காசுக்குப் போய்விட்டது. எல்லா வகையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், 2025 ஜூலை முடிவில், வண்டிச் சத்தமும் ஜி.எஸ்.டி. வரியும் உட்பட லிட்டர் 71 ரூபாய் 32 காசு. சுத்திகரித்த பெட்ரோலின் அசல் விலையைவிட இது அதிகம் என்று பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

"பெட்ரோல் நூறு ரூபாய் ஆயிற்றே, எழுபத்தொன்று மலிவுதானே?" என்று நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன். நாம் கொடுக்கிற நூறு ரூபாயில் மத்திய சர்க்காரின் வரி, மாநில சர்க்காரின் வரி, பங்க்காரரின் கமிஷன் எல்லாம் அடக்கம். அவற்றை நீக்கிவிட்டு வெறும் பெட்ரோலையும் வெறும் எத்தனாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஒரு லிட்டர் பெட்ரோலின் வலுவைப் பெற ஒன்றரை லிட்டர் எத்தனால் வேண்டும். ஒன்றரை லிட்டருக்கு 107 ரூபாய் ஆகிறதே!

லாபம் யாருக்கு?

அப்படியானால் எதற்காகக் கலக்கிறார்கள்? அதற்கும் காரணம் உண்டு. நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. எங்கோ யுத்தம் என்றால் இங்கே நம் வயிற்றைக் கலக்குகிறது. எத்தனால் கலந்ததால் 2014-15-லிருந்து 2025 ஜூலை வரையில் 1,44,087 கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று என்று சர்க்கார் கணக்குச் சொல்கிறது. அந்தப் பணம் வெளிநாட்டுக்குப் போகாமல் நம் ஆலைகளுக்கும் உழவர்களுக்கும் போகிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்தில் கரும்பு போட்டுவிட்டு ஆலைப் பணத்துக்குக் காத்திருக்கிற குடும்பங்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். அந்த வீடுகளிலும் ஒரு தாயார் கவரில் பணம் எண்ணிக்கொண்டுதானே இருப்பாள்?

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கோழித் தீவனத்தில் முக்கியமானது மக்காச்சோளம். அது எத்தனால் ஆலைகளுக்குப் போகப் போகத் தீவனம் கிடைப்பது கஷ்டமாகிறது என்று கோழிப் பண்ணைக்காரர்கள் முறையிட்டார்கள். 2023 டிசம்பரில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்று பயந்து, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குச் சர்க்காரே தடை போட்டு, பிறகு தளர்த்தியது. வண்டிக்குப் போடுவதும் வாயில் போடுவதும் ஒரே வயலிலிருந்து வந்தால் இந்த இழுபறி இருக்கத்தான் செய்யும்.

ஆகத் தேசத்துக்கு மிச்சம், உழவருக்கு வரவு. வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் மாதம் ஐம்பதோ, முந்நூறோ செலவு. நல்ல காரியத்துக்குத்தான் என்றால் கொடுக்க நாம் தயங்குகிறவர்கள் அல்ல. ஆனால் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது வேறு. தெரியாமலே கவரிலிருந்து போவது வேறு.

பிரேசிலில் என்ன செய்கிறார்கள்?

கரும்பு எத்தனாலில் உலகத்துக்கே மூத்த தேசம் பிரேசில். எண்ணெய் விலை திடீரென்று உயர்ந்துபோன சமயத்தில், 1975-ல் ஆரம்பித்தார்கள். பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடுகிற கார்கள் அங்கே 2003-லிருந்து விற்பனைக்கு வந்தன. அங்கே பங்க்குகளில் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கின்றன; விலையும் தனித்தனி.

வண்டி ஓட்டுகிறவர்கள் மனக்கணக்காகவே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் பத்தில் ஏழு பங்குக்குக் கீழே இருந்தால் எத்தனால். மேலே போனால் பெட்ரோல். உதாரணத்துக்குப் பெட்ரோல் 6 ரெயால் என்றால், எத்தனால் 4 ரெயால் 20 சென்டாவோவுக்குக் கீழே இருந்தால்தான் கட்டும். அவர்களுடைய பெட்ரோலிலும் கலப்பு இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டிலிருந்து நூற்றுக்கு 30! ஆனால் வண்டி இரண்டுக்கும் ஏற்றது. எதைப் போடுவது என்பது ஓட்டுகிறவர் இஷ்டம்.

நம் ஊரில் அந்த இஷ்டம் இல்லை. கலக்காத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ஒருவர் போட்ட வழக்கை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நான் செய்கிறதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டதும் வண்டியின் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை மறுபடி நிறையப் போடும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். நாலைந்து தடவை எழுதிச் சராசரி பாருங்கள். நாலு, ஆறு சதவிகிதம் குறைந்தால் எத்தனாலாக இருக்கலாம். பதினைந்து, இருபது என்று குறைந்தால் எத்தனாலின் தலையில் பழியைப் போடாதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, டயரில் காற்று. காற்றுக் குறைந்தால் எந்தப் பெட்ரோலும் பற்றாது.

மூன்றாவது, வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை சதவிகிதம் வரை தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். பழைய வண்டி என்றால், சர்வீசுக்கு விடும்போது ரப்பர்க் குழாய்களையும் கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு இவற்றை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பெரிய செலவு இல்லை.

நாலாவது, எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்துக் கல் உப்பு மாதிரி. ஆகவே மாதக்கணக்கில் வண்டியை எடுக்காமல் அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்திலேயே இப்போது பெட்ரோல் நோட்டும் தொங்குகிறது. கவரில் 1,250 ரூபாய் போடுகிறேன். மகளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பையன் மட்டும் என்னைப் பார்த்தால், "என்னம்மா, அளந்து காட்டட்டுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

காபிப் பொடிப் பொட்டலத்தின் மேல் காபி இத்தனை, சிக்கரி இத்தனை என்று அச்சடித்திருக்கிறார்கள். சிக்கரி கூடினால் விலை குறைகிறது. எனக்குக் கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. நான் அறிந்த நியாயம் இந்தப் பொட்டலத்தின் நியாயந்தான். பெட்ரோலிலும் அதையே எதிர்பார்ப்பது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.